உடல் கொழுப்பு ஒரே 22 சதவீதம்: மச்சான் கபடி வீரர் மாதிரி, நான் மட்டும் தொப்பையோடு, ஏன்?

குச்சிக்கை_கோவை:
வணக்கம் மக்களே. வயது 31, உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. ஐடி வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். சட்டை போட்டால் யாரும் என்னைக் குண்டு என்று சொல்ல மாட்டார்கள், ஊருக்குப் போனால் அம்மா "என்னடா இப்படி இளைச்சுட்டே" என்றுதான் ஆரம்பிப்பார். பனியனோடு கண்ணாடி முன்னால் நின்றால் கதையே வேறு. கை இரண்டும் குச்சி, வயிறு மட்டும் தனியாக முன்னால் வந்து நிற்கிறது. போன வாரம் ஜிம்மில் சேர்ந்தேன், முதல் நாளே ஒரு மெஷின் மேல் ஏற்றி, உடல் கொழுப்பு 27 சதவீதம் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மச்சான் வாங்கி வைத்திருக்கும் எடை மெஷினில் ஏறினால் 22. எதை நம்புவது? அதைவிடக் குழப்பம், அதே மெஷினில் மச்சானுக்கும் 22தான். அவர் 78 கிலோ, என் உயரமேதான், ஆனால் ஆள் கபடி வீரர் மாதிரி இருக்கிறார். சதவீதம் ஒன்று என்றால் ஆளும் ஒரே மாதிரிதானே தெரிய வேண்டும்? நெட்டில் 10, 15, 20 சதவீதம் என்று வரிசையாகப் படம் போட்டிருக்கிறார்களே, அதில் எதிலும் என் உடம்பைக் காணோம்.

இரும்புக்கடை:
தம்பி, சதவீதம் என்பது வெறும் பங்குக் கணக்கு, ஒரு பேப்பரை எடு. 66இல் 22 சதவீதம் என்றால் உன்னிடம் கொழுப்பு 14.5 கிலோ, மீதி 51.5. மச்சானுக்கு 78இல் 17 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், மீதி கிட்டத்தட்ட 61. அதாவது அவர் உன்னைவிட ரெண்டரை கிலோ கொழுப்பு கூடவே சுமக்கிறார், ஆனால் அதைப் போர்த்திக்கொள்ள அவரிடம் தோளும் தொடையும் முதுகும் இருக்கிறது. உன்னிடம் கொழுப்பு கொஞ்சம்தான் குறைவு, அதைப் போர்த்தும் தசையோ ரொம்பவே குறைவு, அதனால் வயிறு மட்டும் தெரிகிறது. எங்கே சேரும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும், பெரும்பாலான ஆண்களுக்கு வயிறுதான் முதல் கிடங்கு.

அந்தப் படங்களை விடு. பாதிப் பேர் அப்போதுதான் புஷ்-அப் அடித்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிற்பவர்கள். அதில் போட்டிருக்கும் எண்ணும் பெரும்பாலும் கண்ணளவுதான். அப்புறம் ஒன்று, பயந்து போய்ச் சாப்பாட்டைக் குறைத்து 60 கிலோவுக்கு இறங்கிவிடாதே, கை இன்னும் குச்சியாகும், வயிறு அப்படியே இருக்கும். எடை தூக்கு, முட்டை, மீன், சுண்டல் என்று புரதத்தைக் கூட்டு. ஹோட்டல் சாம்பாரில் பருப்பைத் தேடிக்கொண்டிருக்காதே.

ஸ்கேன்_ரூம்:
27க்கும் 22க்கும் நடுவில் சண்டை வேண்டாம், இரண்டுமே ஊகம்தான். அந்த மெஷின் கொழுப்பை நேராக அளப்பதில்லை. பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் போகாது. அந்தத் தடையோடு நீங்கள் கொடுத்த வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை ஒரு சூத்திரத்தில் போட்டு எண்ணைத் துப்புகிறது. காலால் மட்டும் ஏறி நிற்கும் வகை என்றால் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும், வயிற்றுப் பக்கம் பெரிதாகப் போகாது. வியர்த்து விறுவிறுத்து வந்து ஏறினால் ஒன்று, தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒன்று. எக்ஸ்ரே வைத்து அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இதைவிடத் தேவலை, ஆனால் அது பெரும்பாலும் எலும்பு அடர்த்திக்காக எடுப்பது, உங்களுக்கு அவசியமில்லை. ஒரே மெஷினில், காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு, வெறும் வயிற்றில் ஏறுங்கள். எண்ணை விடுங்கள், மாதாமாதம் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். ஜிம்மில் உங்கள் வயதைச் சரியாகப் போட்டார்களா?

தேன்மொழி:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். பெண்கள் யாராவது இதைப் படித்துவிட்டு 15 சதவீதம்தான் நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். எனக்கு 28 வந்தபோது பயிற்சியாளர் ஆண்களுக்கான அட்டவணையைக் காட்டி "ஒபீஸ்", அதாவது அதிகப் பருமன், என்று சொல்லி என்னை ஒரு வாரம் அழ வைத்தார். அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் என்ற உடற்பயிற்சி அமைப்பின் பட்டியலில் ஆண்களுக்கு 18 முதல் 24 வரை சராசரி, பெண்களுக்கு அது 25 முதல் 31 வரை. உயிர் வாழ அவசியமான கொழுப்பே ஆண்களுக்கு 2 முதல் 5, எங்களுக்கு 10 முதல் 13. சாப்பிடாமல் கீழே இறக்கினால் மாதவிடாயே நின்றுபோகலாம். நான் இப்போதும் 27தான், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

புனே_தமிழன்:
குச்சிக்கை, உங்களை மாதிரி உடம்புக்கு மருத்துவத்தில் பெயரே உண்டு, 'ஒல்லிக்குண்டு இந்தியர்'. இங்கே புனேயில் இருக்கும் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண், 22.3. கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. உங்கள் பிஎம்ஐ 22.8, நம் ஆட்களுக்கு எடை கூடுதல் என்று சொல்லும் எல்லை 23, அதனால் எடை மெஷின் உங்களை எச்சரிக்கவே எச்சரிக்காது. கிள்ளினால் கையில் வருகிற கொழுப்பைவிட, உள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றி இருப்பதுதான் சர்க்கரை நோய்க்கு வழி விடுவது, அதைக் கண்ணாடி சொல்லாது. டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்டுவிட்டு. நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80தான் எல்லை. பேன்ட் சைஸ் 32தானே என்று சொல்லாதீர்கள், பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம்.

குச்சிக்கை_கோவை:
எல்லாருக்கும் நன்றி. ஸ்கேன்_ரூம், அந்தச் சீட்டை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன், வயது 41 என்று போட்டிருக்கிறார்கள்! மூன்று நாள் காலையில் வீட்டு மெஷினில் ஏறினேன், 23.4, 24, 23.7. இடுப்பு 92. புனே அண்ணா சொன்ன மாதிரியே பேன்ட் 32தான். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க நாளை காலை போகிறேன், அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. மச்சானுக்கும் அளந்தோம், 86 வந்தது. ஆனால் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார், அக்கா பார்த்துவிட்டாள், இன்று ராத்திரி மறுபடி அளக்க வேண்டும்.