படத்தில் இருப்பது டிக்கெட் அல்ல

தம்பி: மாமா, நான் போக நினைத்திருந்த இசை நிகழ்ச்சிக்கு விற்பனை தொடங்கிய சில நிமிடங்களிலேயே டிக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன. தம்மால் வர இயலவில்லை என்று கூறும் ஒருவர், ரசிகர் பக்கத்தில் தம்முடைய இரண்டு டிக்கெட்டுகளையும் வாங்கிய விலைக்கே தருவதாக எழுதியிருக்கிறார். டிக்கெட்டின் படத்தையும் தம் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பிவிட்டார். அரை மணி நேரத்திற்குள் பணம் வராவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம்.

சின்ன மாமா: பணத்தை அனுப்பிவிட்டாயா?

தம்பி: இன்னும் இல்லை.

சின்ன மாமா: அனுப்பாதே. சென்ற ஆண்டு ஒரு விழாவின் நுழைவாயிலில் நான் தன்னார்வலராக நின்றபோது, ஒரே கியூஆர் குறியீட்டை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து நான்கு பேர் வந்தார்கள். யார் பணம் கொடுத்தார்கள் என்பது ஸ்கேனருக்குத் தெரியாது. அந்தக் குறியீடு ஏற்கெனவே உள்ளே போய்விட்டதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். ஆகவே முதலில் வந்தவர் உள்ளே போனார். மற்ற மூவரும் பணம் அனுப்பிய ரசீதைக் காட்டியபடி வெளியே நின்றார்கள். அவர்களில் யாரிடமும் போலி டிக்கெட் இல்லை என்பதுதான் கொடுமை. உண்மையான ஒரே டிக்கெட்டின் நகல்களையே ஒருவன் நால்வருக்கும் விற்றிருந்தான்.

அத்தை: அப்படியானால் வாங்குபவர் எதைத்தான் கேட்டுப் பெற வேண்டும்?

சின்ன மாமா: டிக்கெட் வழங்கிய செயலிக்குள்ளேயே அதை மற்றவரின் கணக்கிற்கு மாற்றித் தரும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, அந்த வழியில் மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். முறையாக மாற்றினால் விற்பவரிடம் இருக்கும் பழைய குறியீடு செல்லாததாகிவிடும். டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும் குறியீட்டை 2019-இல் கொண்டுவந்ததும், ஸ்கிரீன்ஷாட்டை வைத்து யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் எல்லா நிகழ்ச்சிகளிலும் இவ்வாறு மாற்ற அனுமதி இருக்காது. சிலவற்றில் வாங்கியவரின் பெயரை வாயிலில் சரிபார்ப்பார்கள். எனவே விதிகளை முதலில் படித்துவிடு.

தம்பி: அடையாள அட்டையையே காட்டியிருக்கிறாரே, மாமா.

அக்கா: என்னை ஏமாற்றியவனும் அட்டையைத்தான் காட்டினான். அது அவனிடம் முன்பே ஏமாந்த ஒருவருடைய அட்டை என்பது பிறகுதான் தெரிந்தது. நம்பிக்கைக்காக என்று சொல்லி என் அட்டையின் படத்தையும் அவன் வாங்கி வைத்திருந்தான். பணத்தையும் பொருள் வாங்குவதாகக் குறிப்பிடாமல், நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பச் சொன்னான். அப்படி அனுப்பியதால் பிறகு முறையிட்டும் திரும்பப் பெற முடியவில்லை. கடன் அட்டை வழியாகச் செலுத்தியிருந்தால், வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துக் கேட்கவாவது வழி இருந்திருக்கும். இதற்கெல்லாம் மேலாக, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்கட்டணம் மட்டும் கொடுங்கள் என்று இன்னொருவன் வந்தான். அவனிடம் நான் சிக்கவில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

அம்மா: இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே!

நான்: தேடுபொறியில் முதலில் தெரிவதைச் சொடுக்குவதும் ஆபத்துதான், ஏனென்றால் அந்த இடத்தில் பெரும்பாலும் விளம்பரங்களே இருக்கும். நிகழ்ச்சி நடக்கும் அரங்கத்தின் தளத்திற்கோ கலைஞரின் தளத்திற்கோ சென்று, அங்கே கொடுத்திருக்கும் இணைப்பின் வழியாக வாங்குவதே சரி. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் போதும் என்று நான்கூட நம்பியிருந்தேன். அது இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது நாம் அனுப்புவதை இடையில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். போலித் தளத்திற்கும் அது எளிதாகக் கிடைக்கும். இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் குரோம் உலாவி 2023-இல் முகவரிப் பட்டையிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது.

தம்பி: செயலி வழியாக மாற்றித் தரும்படி அவரிடம் கேட்டேன். மாற்றிவிட்டதாகவும், இந்த இணைப்பில் என் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழைந்து ஏற்றுக்கொள்ளும்படியும் உடனே பதில் வந்தது.

சின்ன மாமா: அந்த இணைப்பைத் தொடாதே. உண்மையாகவே மாற்றியிருந்தால், செயலியைத் திறந்ததும் உன் கணக்கிலேயே தெரியும்.

தம்பி: என் கணக்கில் எதுவும் இல்லை. அவரைத் தடைசெய்துவிட்டு ரசிகர் பக்கத்தின் நிர்வாகியிடமும் புகார் கொடுத்துவிட்டேன். ஏற்பாட்டாளர்களே மறுவிற்பனைக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள், அதன் காத்திருப்போர் பட்டியலில் பதிந்திருக்கிறேன்.

அத்தை: எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நேற்று நாடக டிக்கெட்டைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தேனே, அதில் குறியீடு முழுவதும் தெரிகிறது.

சின்ன மாமா: உடனே நீக்கிவிடு. எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

அத்தை: அறுபத்து மூன்று பேர். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்கட்டுமா?

நான்: வேண்டாம் அத்தை, அங்கே போலி எண்களையும் போட்டு வைத்திருப்பார்கள். டிக்கெட் வாங்கிய செயலியின் உதவிப் பக்கத்திலிருந்தே எழுதுங்கள்.

அத்தை: எழுதிவிட்டேன். பழைய குறியீட்டை ரத்துசெய்து புதியதை அனுப்புவதாகப் பதில் வந்திருக்கிறது. புதியது வந்ததும் உங்களுக்குச் சொல்கிறேன், படம் மட்டும் அனுப்ப மாட்டேன்.