பலெர்மோவில் அம்மாவைக் கூட்டிப்போகக்கூடிய பழைய கோயில்கள் எவை?

தாண்டவன்வெளித் தம்பி:
வைகாசியில் அம்மாவோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன், இத்தாலியில் பலெர்மோவுக்கு. அக்காவுக்குப் பகலில் வேலை. அம்மா ஒரு காலத்தில் ஆயித்தியமலை மாதாவிடம் நடந்தே போனவ. இப்போது முழங்கால் வலி, படியைக் கண்டாலே முகம் சுருங்கும். அங்கே தெருவுக்கு ஒரு கோயிலாம். எதை விடக்கூடாது?

வாவிக்கரையான்:
தம்பி, அங்கே பல வருசம் வேலை செய்தவன் சொல்கிறேன். முதலில் நோர்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயம். இரண்டாம் ரொஜர் மன்னன் கட்டியது, 1140இல் அபிஷேகம் செய்தார்கள். எல்லாரும் சுவரில் சிறு துண்டுகளாகப் பதித்த தங்க மொசாயிக் படங்களைப் பார்த்து வாய் பிளப்பார்கள். நீங்கள் கூரையைப் பாருங்கள். தேன்கூடு மாதிரி மரத்தில் குடைந்து, அரபுப் பாணியில் வரைந்திருக்கிறார்கள். இசைக்காரர், சதுரங்கம் ஆடுகிறவர், கோப்பை பிடித்தவர் எல்லாம் பூசை நடக்கிற இடத்துக்கு மேலே! ஞாயிறு காலை வழிபாடு இருக்கும், வேறு நாளில் போங்கள்.

பேராலயம் 1185இல் தொடங்கியது. அதற்கு முன் அந்த இடத்தில் பள்ளிவாசல். தெற்கு வாசல் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் இன்னும் இருக்கிறது. காத்தான்குடிச் சிநேகிதன் ஒருவன் வந்தபோது அவன்தான் எனக்கு வாசித்துக் காட்டினான். உள்ளே ரொஜர் முதலிய மன்னர்களின் கல்லறைகள் இருக்கின்றன. மினக்கெட வேண்டாம். அந்த நேரத்தைப் பக்கத்து ஊரான மொன்ரியாலேக்கு வையுங்கள். இரண்டாம் வில்லியம் கட்டிய கோயில், 6,000 சதுர மீற்றருக்கு மேல் மொசாயிக். வாங்கில் இருந்தபடியே பார்க்கலாம், அம்மாவுக்கு அதுதான் வசதி.

அக்கரைப்பற்று அக்கா:
பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவை மறந்துவிட்டீர்களே அண்ணா! பெல்லெக்ரினோ மலையில் குகைக்கோயில். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அவவின் எலும்புகளை அங்கேதான் கண்டெடுத்தார்கள். ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் அடங்கியது என்று நம்பிக்கை. பாறையில் சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலி வைத்து ஏந்துகிறார்கள். அங்கே இருக்கிற நம்ம சைவ ஆட்களும் நடந்தே மலை ஏறுவார்கள். மேலே வரை பஸ் போகும் தம்பி, ஆனால் இறங்கிய பிறகு கொஞ்சம் படி இருக்கிறது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாவிக்கரையான்:
அது சரி. கப்புச்சின் துறவிகளின் நிலவறைக்கு மட்டும் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம். ஆயிரக்கணக்கில் பதப்படுத்திய பிணங்கள், உடுப்போடு நிற்கும். பிறகு இராச்சாப்பாடு இறங்காது.

தாண்டவன்வெளித் தம்பி:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மலைக்கோயில் என்றதும் முழங்கால் பேச்சையே காணோம், படியெல்லாம் பார்த்துக்கொள்வாவாம். மொன்ரியாலே பஸ் எங்கே ஏறுவது?

வாவிக்கரையான்:
அரண்மனைக்குப் பக்கத்தில், இண்டிபெண்டென்சா சதுக்கத்தில். டிக்கெட்டை ஏறுமுன்பே கடையில் வாங்கிவிடுங்கள். அம்மா தோள் மூட ஒரு சால்வையும் எடுக்கட்டும்.