கலைச்சொல்: வங்கிகளின் ‘ரைட் ஆஃப்’ – ஏட்டுநீக்கம் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். வராத கடனை வங்கி தன் கணக்கேட்டிலிருந்து எடுத்துவிடுவதுதான் ‘ரைட் ஆஃப்’. கடன் அப்படியே இருக்கும், வசூலும் தொடரும். இதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். புதுவை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்:

> ‘கடன் தள்ளுபடி’ என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புதுவை நண்பருக்கு: எல்லாருக்கும் தவறாக அல்லவா ஐயா புரிகிறது!

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. வாங்கியவர் கட்ட வேண்டாம், அந்தச் சுமை அரசுடையது. அதுதான் தள்ளுபடி. 2022 டிசம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மாநிலங்களவையில் சொன்னது வேறு: ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் ரைட் ஆஃப் செய்தது 10 லட்சம் கோடிக்கு மேல். நம் செய்திகளில் இரண்டுக்கும் ஒரே சொல், ‘தள்ளுபடி’. ‘பணக்காரனுக்குப் பத்து லட்சம் கோடி விட்டுட்டான், நமக்கு மட்டும் ஏல நோட்டீஸா?’ என்று மஞ்சக்குப்பம் டீக்கடையில் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. அப்படி ரைட் ஆஃப் செய்த கணக்குகளில் திரும்ப வசூலானது சுமார் 1.32 லட்சம் கோடிதான் என்றும் அதே பதிலில் இருக்கிறது. இதற்குக் கோபப்படத்தான் வேண்டும். ஆனால் வசூலில் மந்தம் என்பது ஒரு குற்றச்சாட்டு, கடனையே விட்டுவிட்டார்கள் என்பது இன்னொன்று.

தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதற்காக வங்கி தன் லாபத்திலிருந்து படிப்படியாகப் பணம் ஒதுக்குகிறது. நான்கு ஆண்டு முடிந்து, முழுத்தொகைக்கும் ஒதுக்கிய கடன்களை ஐந்தொகையிலிருந்து (சொத்து, கடன்களைக் காட்டும் ‘பேலன்ஸ் ஷீட்’) எடுத்துவிடுகிறது. இதுதான் ரைட் ஆஃப். வங்கிக்கு வரியில் பயன் கிடைக்கும். கடன்காரர் கடன்காரராகவே இருப்பார். கடன் மீட்புத் தீர்ப்பாய வழக்கு, அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்ட நடவடிக்கை எல்லாம் தொடரும்.

பண்ருட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த முந்திரி விவசாயி ஒருவர். 2011 டிசம்பர் 30 தானே புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. புதுக்கன்று காய்க்கும்வரை தவணை காத்திருக்குமா? சில ஆண்டு கழித்து வங்கியில் யாரோ, ‘உங்க கணக்கு தள்ளுபடி ஆயிடுச்சு’ என்றார்கள். மனிதர் நிம்மதியாகிவிட்டார். மகள் படிப்புக்குக் கடன் கேட்டபோது ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தப் பழைய கடன் ‘ரைட் ஆஃப்’ என்று நின்றது. விண்ணப்பம் திரும்பி வந்தது. அன்றைக்கே சரியாகச் சொல்லியிருந்தால் பேசி ஒரு தொகைக்கு முடித்திருப்பார்.

இனி சொற்கள். பள்ளிக் கணக்குப்பதிவியலில் ‘போக்கெழுதுதல்’ இருக்கிறது. பழகிய சொல்தான், ஆனால் வகுப்பைத் தாண்டி வெளியே வரவில்லை. ‘போக்கு’ என்பது கடனே போய்விட்டதாகவும் காதில் விழுகிறது. ‘கடன் நீக்கம்’ கூடவே கூடாது. ‘ஒதுக்கம்’ என்றால் முன்சொன்ன ஒதுக்கீட்டோடு குழம்பும். முன்மடலில் வந்த ‘ஏடுமாற்றம்’ பொருளுக்கு மிக நெருக்கம், எனக்கும் பிடித்தது. அவசரத்தில் ‘ஏமாற்றம்’ என்று கண்ணில் படுவதால்தான் தயங்குகிறேன்.

ஆகவே ‘ஏட்டுநீக்கம்’. எதிலிருந்து நீங்கியது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘வங்கி 500 கோடி கடனை ஏட்டுநீக்கம் செய்தது, வசூல் தொடர்கிறது’ என்று செய்தி வாசிப்பவர் தடுமாறாமல் படிக்கலாம். பேச்சில் ‘ஏட்டிலிருந்து எடுத்தாச்சு, பாக்கி அப்படியே இருக்கு’ என்றால் போதும்.

தள்ளுபடியை, வாங்கியவர் உண்மையிலேயே கட்ட வேண்டாத தொகைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். பேசி ஒரே தொகையாகக் கட்டிக் கடனை முடிக்கும் ஒருமுறைத் தீர்வில் வங்கி விட்டுக்கொடுக்கும் பகுதிக்கும் அது பொருந்தும்.

கிளைகளில் வாடிக்கையாளரோடு பேசும் நண்பர்கள் இதைச் சொல்லிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து