கண்காணிப்பாளர் ஆன சர்ஜன் நோயாளிகளைத் தொடர்ந்து பார்ப்பது எப்படி?

சர்ஜிகல்_யூனிட்:
மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது அறுவை யூனிட் தலைவரே மருத்துவக் கண்காணிப்பாளராகவும் ஆகிறார் என்றால், ஓபி, ஆபரேஷன் தியேட்டர், அட்மிஷன் நாள் (யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள்) இவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடணும்?

வார்டு_ரவுண்ட்ஸ்:
முதலில் அட்மிஷன் நாள் பொறுப்பை யூனிட்டில் அடுத்த சீனியருக்கு எழுத்து மூலம் மாற்றுங்கள். கலெக்டர் கூட்டம் திடீரென்று வந்தால் ஓபி-யை உதவிப் பேராசிரியர் பார்த்துக்கொள்வார். ஆனால் தியேட்டரில் வயிற்றைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்ப முடியாது. வாரம் ஒரு ஓபி, ஒரு தியேட்டர் நாள் போதும். உங்கள் கேஸ் லிஸ்டில் முதலாவதாக இருக்கட்டும்.

ஹெர்னியா, பித்தப்பை வைத்துக்கொள்ளலாம். குடலை வெட்டி இணைக்கும் பெரிய கேஸ்களைத் தனியாக எடுக்காதீர்கள். தையல் கசிவு பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில்தான் தலைகாட்டும். லேசான காய்ச்சல், நாடித்துடிப்பு 110, வயிறு கொஞ்சம் உப்புசம், அவ்வளவுதான் தெரியும். முந்தின நாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் அந்த வித்தியாசம் புரியும். அன்றைக்கு நீங்கள் சென்னையில் மீட்டிங்கில் இருப்பீர்கள்.

தியேட்டர்_சிஸ்டர்:
நேரத்தைவிடப் பெரிய சிக்கல் பதவி. மாப் (ரத்தம் ஒற்றும் துணி) கணக்கில் ஒன்று குறைந்தால், கண்காணிப்பாளரிடம் "சார், மூடாதீங்க" என்று சொல்ல ஜூனியர் நர்ஸ் தயங்குவார். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று கட்டமாகச் சத்தமாகப் படிக்கணும். தலைமையில் இருப்பவர்தான் அதைக் கேட்டு வாங்கணும். உங்கள் யூனிட் மீது வரும் புகாரை நீங்கள் விசாரிக்கவே கூடாது, டீனுக்குப் போகட்டும்.

சர்ஜிகல்_யூனிட்:
பெரிய கேஸ்களை விட்டால் கை மந்தமாகிவிடாதா?

வார்டு_ரவுண்ட்ஸ்:
இன்னொரு சீனியரோடு சேர்ந்து செய்யுங்கள். கேஸ் அவர் பெயரில் இருக்கட்டும், இரவில் போனும் அவருக்கே போகட்டும்.

பொது_சுகாதாரம்:
லோட்டே ஷெரிங் 2018 முதல் 2023 வரை பூட்டான் பிரதமர். சிறுநீரக அறுவை மருத்துவர். பிரதமராக இருந்தபோதும் சனிக்கிழமைகளில் திம்பு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார். அயர்லாந்தின் அப்போதைய பிரதமர் லியோ வராட்கர் 2020-இல் கொரோனா வந்ததும் மறுபடி மருத்துவராகப் பதிவு செய்து, வாரம் ஒருமுறை போனில் நோயாளிகளிடம் பேசினார். இருவருமே பதவி வேலை குறுக்கிடாத நேரத்தையும் வேலையையும்தான் எடுத்தார்கள்.

ஓபி-யை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். எந்த மாத்திரை தீர்ந்துபோச்சு, ஸ்கேனுக்கு எத்தனை நாள் தள்ளிக் கொடுக்கிறார்கள் என்பது ஃபைலில் வருவதற்கு முன்னால் அங்கே தெரிந்துவிடும்.