நேட்டோ பேரவையில் அமெரிக்காவுக்கு 36 இடம்: அப்போ யார் சொல்றது நடக்கும்?

வடகாற்று:
பக்கத்து இழையில ஒரு மேதாவி, "2022 மாட்ரிட்டில் நேட்டோவே ரஷ்யாவைப் பயங்கரவாத அரசுன்னு அறிவிச்சிடுச்சு"ன்னு எழுதியிருக்கார். அப்படித் தீர்மானம் போட்டது நேட்டோங்கற ராணுவக் கூட்டணி இல்லை, அதோட உறுப்பு நாட்டு எம்.பி.க்கள் கூடுற நேட்டோ நாடாளுமன்றப் பேரவை. ஜூன்ல மாட்ரிட்டில் கூடினது நாட்டுத் தலைவர்கள், நவம்பர்ல கூடினது எம்.பி.க்கள். ஊர் ஒண்ணுன்னா ரெண்டு கூட்டமும் ஒண்ணா?

கழுகுக்கண்:
அந்த மேதாவி நான்தான். பேர் சொல்லியே திட்டலாம். பேரவையில அமெரிக்காவுக்கு 36 இடம், ஐஸ்லாந்துக்கு 3. வாஷிங்டன் நினைக்கிறதுதான் தீர்மானமா வெளிய வருது. இதுல நேட்டோ வேற, பேரவை வேறன்னு என்ன பம்மாத்து?

வடகாற்று:
மொத்தம் 281 இடம். 36ங்கறது 13 சதவீதம்கூட இல்லை. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன், துருக்கி தலா 18, சேர்த்தா 90. மக்கள்தொகைக் கணக்கு பார்த்தா அமெரிக்காவுக்குத்தான் நஷ்டம்: 33 கோடிக்கு மேல இருக்கிறவங்களுக்கு 36, ஐஸ்லாந்தோட சுமார் 4 லட்சம் பேருக்கு 3.

கழுகுக்கண்:
வேற எந்த நாட்டுக்காவது 36 இருக்கா? ஆமா, இல்லைன்னு சொல்லுங்க.

பழையமேசை:
36 பேரும் ஒரே பக்கம் கை தூக்குவாங்கன்னு யார் சொன்னது உங்களுக்கு? ஆளை அனுப்புறது நாடாளுமன்றம், அரசாங்கம் இல்லை. அமைச்சரா இருக்கிறவர் உறுப்பினராகவே முடியாது. எதிர்க்கட்சிக்காரரும் அதே குழுவுல வருவார்.

கழுகுக்கண்:
ரஷ்யான்னா ரெண்டு கட்சியும் ஒண்ணுதான் சார். 36.

வடகாற்று:
தீர்மானம் எப்படி வருதுன்னு தெரிஞ்சுட்டுப் பேசுங்க. மொத்தம் 5 குழு. ஒவ்வொண்ணுலயும் ஓர் அறிக்கையாளர் வரைவு எழுதுவார். வசந்தகாலக் கூட்டத்துல அதை அலசுவாங்க. இலையுதிர்காலக் கூட்டத்துல திருத்தின அறிக்கையும் தீர்மான வரைவும் குழுவுக்கு வரும். திருத்தங்களை ஒவ்வொண்ணா ஓட்டுக்கு விட்டு, பெரும்பான்மை கிடைச்சா பேரவையோட முழு அமர்வுக்குப் போகும். அங்கயும் நிறைவேறினா நேட்டோ பொதுச்செயலாளருக்குப் போகும், அவர் பதில் எழுதுவார். அவ்வளவுதான். யாரையும் கட்டுப்படுத்தாது. நேட்டோவுல முடிவெடுக்கிறது உறுப்பு நாட்டு அரசாங்கங்கள் உட்கார்ற நேட்டோ கவுன்சில், அங்க ஓட்டெடுப்பே கிடையாது, எல்லா நாடும் ஒத்துக்கணும். 1949 ஒப்பந்தத்துல இந்தப் பேரவையைப் பத்தி ஒரு வரி இல்லை. 1955ல எம்.பி.க்களாச் சேர்ந்து ஆரம்பிச்சது.

நிஜமான அதிகாரம் அவங்கவங்க ஊர் நாடாளுமன்றத்துல இருக்கு. புதுசா ஒரு நாடு நேட்டோவுல சேரணும்னா உறுப்பு நாடுகள் எல்லாம் ஒப்புதல் கொடுக்கணும். சுவீடன் சேர 2022 மே மாசம் விண்ணப்பிச்சது. துருக்கி நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது 2024 ஜனவரி, ஹங்கேரி பிப்ரவரி. மார்ச் 7தான் சுவீடன் உள்ள வந்தது. ஹங்கேரிக்குப் பேரவையில வெறும் 7 இடம். உங்க 36 அங்க என்ன பண்ணுச்சு?

கழுகுக்கண்:
கேட்டதுக்குப் பதில் இல்லை, பாடப்புத்தகம் வருது. பயங்கரவாத அரசுன்னு ஐரோப்பிய நாடாளுமன்றமும்தானே சொல்லுச்சு?

பழையமேசை:
அது மூணாவது கூட்டம். பேரவை சொன்னது நவம்பர் 21, ஐரோப்பிய நாடாளுமன்றம் 23. அதுல அமெரிக்காவுக்கு ஒரு இடம்கூடக் கிடையாது. உங்க வாதத்தை நீங்களே குழி தோண்டிப் புதைக்கிறீங்க.

நெய்தல்:
ரஷ்ய நாடாளுமன்றமே 2014 வரைக்கும் இந்தப் பேரவையில இணை உறுப்பினர். உக்ரைனோட கிரீமியாவை ரஷ்யா பிடிச்சதுக்கு அப்புறம்தான் வெளிய அனுப்பினாங்க. அதை யாரும் பேசக் காணோம்.

கழுகுக்கண்:
அனுப்பினது யாரு? அதே 36தான். 2025 மே கூட்டத்தை எங்க வச்சாங்க? அமெரிக்காவுல, டேட்டன்ல.

வடகாற்று:
போஸ்னியா போரை முடிச்ச உடன்பாடு 1995ல அங்கதான் பேசி முடிஞ்சது, 30 வருஷம் ஆச்சுன்னு அங்க வச்சாங்க. 2024 நவம்பர் மான்ட்ரியல், 2023 அக்டோபர் கோபன்ஹேகன். அதுவும் அமெரிக்காவா?

கழுகுக்கண்:
மான்ட்ரியலுக்கும் அமெரிக்க எல்லைக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க.

பழையமேசை:
வீட்டோ இழையிலயும் இவர் இப்படித்தான். பதில் வந்ததும் வரைபடத்தை விரிச்சிடுவார்.

கழுகுக்கண்:
வீட்டோ இழையில பதிவை அழிச்சது நீங்க. படம் எடுத்து வச்சிருக்கேன், போடவா?

வடகாற்று:
போடுங்க. அதோட, அமெரிக்கா 36 ஓட்டையும் ஒரே பக்கம் போட்ட ஒரு தீர்மானத்தையும் காட்டுங்க.