பேட்டியோ கவருக்கு என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து (மலேசியா), திங்கள்

அனைவருக்கும் வணக்கம். அவசரம், நேரே விஷயத்துக்கு வருகிறேன். இங்கே தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) மண்டபத்தில் வீடு வரையும் மென்பொருள் வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் முக்கால்வாசி, தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன்: பேட்டியோ கவர்.

அடுப்படிக்குப் பின்னால் சிமெண்டு போட்ட இடம், அதன் மேல் இரும்புச் சட்டம் அடித்து 6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடு போடுகிறோமே, அதுதான். அந்த இடத்தை ஓர் அறையாக வரைந்தால் மென்பொருள் தானாகவே வீட்டுக் கூரையை அதன் மேலும் இழுத்துவிடுகிறது. கைமரம், பலகை, ஓடு, உட்கூரை எல்லாம் சேர்ந்து ஓர் அடி தடிப்பு. போன வாரம் ஒரு பையன் வரைந்தது, நாலு ஒல்லித் தூணின் மேல் மெத்தையைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. தானாக வரும் கூரையை நிறுத்திவிட்டு, கூரைப் பரப்பைக் கையால் வரைந்து, கைமரத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத் தோற்றத்தில் மெல்லிய சாய்ந்த பட்டை ஒன்றை வரைந்து அகலத்துக்கு இழுக்கலாம். ஆனால் மென்பொருள் அதைக் கூரைக் கணக்கில் சேர்க்காது. செய்முறை எழுதிவிட்டேன். பெயர்தான் இல்லை.

தைப்பிங்கிலிருந்து

முன்றில் இருக்க ஏன் அலைய வேண்டும் தம்பி? இல்லின் முன் என்பதே முன்றில். தொல்காப்பியர் புள்ளி மயங்கியலில் இதற்கென்று ஒரு நூற்பாவே வைத்திருக்கிறார். பள்ளியில் இலக்கணப் போலி என்று படித்திருப்பீர்கள். ஆகவே முன்றிற்கூரை. புணர்ச்சியில் லகரம் றகரமாகும், கையேட்டில் பிழை விட்டுவிடாதீர்கள். பேட்டியோ என்பது இஸ்பானியச் சொல். அங்கே அது வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றத்தை மூடிவிட்டால் அது முற்றமே இல்லை, எனவே 'முற்றமூடி' என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

காப்பாரிலிருந்து

ஐயா, முன்றில் வாசல் பக்கம். தம்பி கேட்பது அடுப்படிக்குப் பின்னால். பின்றில் என்று புதிதாகப் புணர்த்துவீர்களா? இங்கே வெல்டிங் கடைப் பலகையிலிருந்து விலைச்சீட்டு வரை இந்தக் கூரைக்கு எல்லாம் ஆவ்னிங்தான். தமிழர் கடை, சீனர் கடை, மலாய்க்காரர் கடை, எல்லா இடத்திலும். பிள்ளைகள் நாளைக்கு அந்தக் கடையில்தான் வேலைக்குப் போகப் போகிறார்கள்.

தைப்பிங்கிலிருந்து

கேலியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கடைவரிசைக்கு முன்னால் மூடிய நடைபாதை வேண்டும் என்று விதித்தார். மலாய்க்காரர் காக்கி லீமா என்றார்கள். நம்மவர் அஞ்சடி என்றார்கள். கூலிக்கு வந்தவர்களுக்கு அன்று முடிந்தது, நமக்கு இன்று முடியாதா?

காப்பாரிலிருந்து

அவர்கள் நூற்பா பார்த்தா பெயர் வைத்தார்கள்? காலால் அளந்து பார்த்து வைத்தார்கள்.

சித்தியவானிலிருந்து

மென்கூரை எப்படி? மெல்லியது என்பதும் வந்துவிடுகிறது.

காப்பாரிலிருந்து

மென்பொருளில் வரைவதால் மென்கூரை என்று நினைத்துக்கொள்வார்கள் தம்பி.

தெலுக் இந்தானிலிருந்து

வெல்டிங் வேலையில் முப்பது வருஷம் இருந்தவன், கொஞ்சம் கேளுங்கள். மெல்லியதா தடித்ததா என்பது முக்கியமே இல்லை. வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் ஒட்டி நிற்கிறது, அதுதான் அதன் குணம். ஒட்டுக்கூரை என்று வையுங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து

அண்ணே, பிடித்திருந்தது. நேற்று வகுப்பில் ஒருவரைப் பலகையில் எழுதச் சொன்னேன். ஓட்டுக்கூரை என்று எழுதினார். ஓர் எழுத்து நீண்டால் பாலிகார்பனேட் சீமை ஓடாகிவிடுகிறது. இன்னொரு பிள்ளையின் பாட்டி மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். ஒட்டு என்றதும் அவர் ஒட்டுப்பால் கதைக்குப் போய்விட்டார்: ரப்பர் மரத்தில் வெட்டின கோட்டில் காய்ந்து கிடப்பதை மறுநாள் காலை உரித்துச் சாக்கில் போடுவது, அதற்குத் தனி எடை, தனிக் காசு. அரை மணி நேரம் வகுப்பு நடக்கவில்லை. மழைக்கு மரத்தைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக்கைப் பாவாடை என்றுதான் சொல்வார்களாம். மெல்லியது, ஒரு பக்கம் ஒட்டியது, தண்ணீரை வெளியே தள்ளுவது. நம் பொருளேதான்! ஆனால் 'கொல்லைப் பாவாடை' என்று அச்சடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

சித்தியவானிலிருந்து

அப்படியானால் விதானம்?

தைப்பிங்கிலிருந்து

வடசொல். மேற்கட்டி என்று நல்ல தமிழ் இருக்கிறது.

சித்தியவானிலிருந்து

சிலம்பின் மங்கல வாழ்த்திலேயே 'நீல விதானத்து நித்திலப் பூம்பந்தர்' வருகிறதே ஐயா. இளங்கோவுக்கு ஆகுமென்றால் நமக்கும் ஆகும்.

தைப்பிங்கிலிருந்து

அது கோவலன் திருமண மண்டபம். இது துணி காயப்போடும் இடம். அது போகட்டும், அந்த அடியில் பந்தர் என்று வருவதைக் கவனித்தீர்களா? பந்தல் பந்தராவது கடைப்போலி. சாம்பல், சாம்பர் போல. இது பற்றித் தனி மடல் எழுதுகிறேன். தாழ்வாரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்: அடிவாரத்தில் உள்ள அதே வாரம், சரிவு என்ற பொருள்...

காப்பாரிலிருந்து

ஐயா, இன்று புதன்கிழமை.

தெலுக் இந்தானிலிருந்து

ஊரில் என் தாத்தா மாட்டுக்கொட்டகையை ஒட்டி இறக்கியதைச் சாய்ப்பு என்பார். சாய்ப்பு இறக்கு, சாய்ப்பில் போடு. பாலிகார்பனேட்டுக்கு 5 பாகையாவது சரிவு வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நின்று பாசி பிடிக்கும். 10 அடிக்கு ஏறக்குறைய 10½ அங்குலம் இறக்க வேண்டும். சாய்ப்பு என்று சொன்னால் அந்தச் சரிவை மறக்க மாட்டார்கள்.

காப்பாரிலிருந்து

சாய்ப்பா, சாப்பா? யானை சாப்பு, அதாவது யானை முத்திரை மாதிரி இருக்கிறது. ஆனாலும் சரி. முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்தில் ஆவ்னிங் என்று போட்டுவிடுங்கள்.

சித்தியவானிலிருந்து

எனக்கும் சம்மதம். களைத்துவிட்டேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து, வியாழன் இரவு

நன்றி. 'சாய்ப்பு, அதாவது ஆவ்னிங்' என்று போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். பாடத் தலைப்பு: மெல்லிய சாய்ப்பு வரைவது எப்படி.

தைப்பிங்கிலிருந்து

சரிவே இல்லாமல் தட்டையாகப் போடும் அலுமினியப் பலகைக் கூரையையும் சாய்ப்பு என்றுதான் சொல்வீர்களா? என் வாக்கு முன்றிற்கூரைக்கே, பதிவு செய்துகொள்ளவும். தம்பி, கைமரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்பில் செய்தாலும் அது மரமா?