வார இறுதிக்கு சி4 கார்வெட்: எந்த வருஷம் நல்லது?

கேள்வி: 1984–96-ல வந்த சி4, அதாவது செவ்ரோலெட்டோட நாலாம் தலைமுறை கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கணும். தினசரி ஓட்டம் இல்லை. பழைய எல்98 எஞ்சினா, பின்னால வந்த எல்டி1-ஆ?

பதில் 1: 1984-ஐ விட்டுடுங்க, 205 குதிரைத்திறன்தான், சஸ்பென்ஷனும் இடுப்பை ஒடிக்கும். 1992-ல வந்த எல்டி1-க்கு 300. ஆனா அதோட ஆப்டிஸ்பார்க் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரிச்சு அனுப்புற பாகம்) வாட்டர் பம்புக்கு நேர் கீழே இருக்கு. பம்பு கசிஞ்சா கூலன்ட் அதுக்குள்ள இறங்கி எஞ்சின் திணறும். பம்போட அடிப்பக்கம் டார்ச் அடிச்சு கசிவுத் தடம் பாருங்க. மாத்தினா ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க, இன்னொரு தடவை பிரிக்கிற வேலை மிச்சம். எல்98-ல இந்தத் தலைவலியே இல்லை.

பதில் 2: 1995, 96 கார்கள்ல ஆப்டிஸ்பார்க்குக்கு காற்றோட்டக் குழாய் உண்டு, ஈரம் அவ்வளவா தங்காது. கொஞ்சம் கூடக் குடுத்தாலும் என் ஓட்டு அதுக்குத்தான். மேனுவல்னா 1989-லிருந்து வந்த, இசட்எஃப் கம்பெனியோட 6 கியர் பாக்ஸ் எடுங்க. முந்தின 4+3-ல (4 கியர், அதுல மேல் 3-க்கு ஓவர்டிரைவ்னு எஞ்சின் சுழற்சியைக் குறைக்கிற கூடுதல் அமைப்பு) அந்த ஓவர்டிரைவ் போச்சுன்னா சரிபண்ண ஆள் தேடணும்.

பதில் 3: பாடி ஃபைபர், துருப்பிடிக்காது; அதை நம்பி ஏமாறாதீங்க. உள்ளே ஃபிரேம் இரும்பு. முன்கண்ணாடிச் சட்டத்தோட ஓரத்துலயும் துரு இருக்கான்னு பாருங்க. டயர் பக்கவாட்டுல இருக்கிற DOT குறியீட்டோட கடைசி 4 எண் 2315-ன்னா 2015-ல 23-வது வாரம் தயாரிச்சது. அவ்வளவு பழசுன்னா பட்டன் நிறைய இருந்தாலும் மாத்தத்தான் வேணும்.